வரவேற்கிறோம் என்று சொன்னது நான்தான்

சென்னைக்குப் போகிறவர்கள் கல்யாணத்துக்குப் போவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், புடவை எடுக்கப் போவார்கள். நான் அரசாங்கத்திடம் பேசப் போனேன். காரைக்குடியில் ரயில் ஏறும்போதே பயம் தொடங்கிவிட்டது. பொதுவாகவே நான் பயந்தவள். லிஃப்டுக்குப் பயம், மைக்குக்குப் பயம், காக்கி உடுப்பு எதுவாக இருந்தாலும் பயம், அது தபால்காரராக இருந்தாலும் சரி.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் தேன்குழலும் சீப்புச் சீடையும் அதிரசமும் செய்து விற்கிறவர்கள் நிறையப் பேர். எல்லாருக்கும் அடுப்பு வீட்டின் பின்கட்டில்தான். முன்பக்கம் குடித்தனம், பின்பக்கம் எண்ணெய்ச் சட்டி. இப்போது ஒரு வரைவு விதி வந்திருந்தது. பலகாரம் செய்யும் இடத்துக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் பொதுச் சுவரே இருக்கக் கூடாது, தனிக் கட்டடம், தனி வாசல் வேண்டும் என்று அதில் இருந்தது. பெரிய கம்பெனிகளுக்கு இது ஒன்றுமில்லை. அவர்கள் ஏற்கெனவே தொழிற்பேட்டையில் கொட்டகை போட்டுவிட்டார்கள். நாங்கள் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு என்னைக் காப்பாற்றியது அந்த அடுப்பு. என்னோடு சேர்ந்து ராஜேஸ்வரியும் இன்னும் ஐந்தாறு பெண்களும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

விதியை முடிவு செய்வதற்கு முன் கருத்துக் கேட்கிறார்கள், எங்கள் பலகாரச் சங்கத்திலிருந்து ஆள் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. தலைவருக்கு முழங்காலில் ஆபரேஷன். கூட்டத்தில் மற்ற எல்லாரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் செயலாளர். கையெழுத்து மணி மணியாக இருக்கிறது என்பதற்காகக் கிடைத்த பதவி அது. துணைக்குப் பொருளாளர் சொக்கலிங்கம் அண்ணன் வந்தார். அவர் என்னைவிடப் பயந்தவர் என்பது ரயிலில்தான் தெரிந்தது. ராத்திரி முழுக்க அவர் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார்.

எழும்பூரில் இறங்கி மயிலாப்பூருக்குப் போனோம். என் தங்கை மகள் கவிதா அங்கே ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறாள். தெருவுக்குள் நுழைய வழியில்லை. மெட்ரோ ரயிலுக்குத் தோண்டுகிறார்கள் என்று எங்கே பார்த்தாலும் நீலத் தகர அடைப்பு. கோபுரம் தெரிகிறது, அங்கே போகும் பாதை தெரியவில்லை. எங்கள் ஊரில் தெரு என்றால் இந்த முனையில் நின்று அந்த முனையில் வருகிறவரை அடையாளம் சொல்லலாம். இங்கே பத்தடிக்கு ஒரு திருப்பம். சொக்கலிங்கம் அண்ணன் என் பையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேனா, அவர் என்னையா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

கீழ்வீட்டில் வீட்டுக்கார மாமி. அவர் கொடுத்த காப்பியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எங்கள் ஊரில் காப்பி கொடுப்பார்கள். மாமி அதைப் படைத்தார்.

"காரைக்குடி தேன்குழல் கொண்டு வந்திருக்கேளா?" என்று கேட்டு, டப்பாவைத் திறந்து ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஆத்துல பண்ணினதுன்னாதான் நான் தொடுவேன். ஃபேக்டரியில பண்றதை யார் சாப்பிடுவா?"

"மாமி, இதையே நாளைக்கு அந்தக் கூட்டத்துல வந்து சொல்லுங்களேன்" என்றேன்.

"நானா? நன்னாயிருக்கே. ஆபீஸர் முன்னாடியெல்லாம் நிக்க எனக்குப் பயம்" என்று மாமி டப்பாவை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயந்திரம் தி. நகர். அது சொக்கலிங்கம் அண்ணனின் வற்புறுத்தல். எங்கள் பக்கத்தில் அதிகாரியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை. பொன்னாடை போர்த்த வேண்டும். ஊரிலேயே வாங்கியிருக்கலாமே என்றதற்கு, "சென்னை ஆபீஸருக்குச் சென்னைப் பொன்னாடைதான் மருவாதி" என்றார். ரங்கநாதன் தெருவில் நாங்கள் நடக்கவில்லை. கூட்டம் நடந்தது, நாங்கள் அதற்குள் இருந்தோம். ஒரு கட்டத்தில் அண்ணனைக் காணவில்லை. திரும்பித் தேடினேன். அவர் ஒரு பாத்திரக் கடைப் படியில் ஏறி நின்று, "தங்கச்சி, தங்கச்சி" என்று பொதுவாக எல்லாப் பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சரிகை போட்ட ஒரு பொன்னாடையும் ஆளுக்கு ஒரு தட்டுப் பஜ்ஜியுமாகத் திரும்பினோம். பஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

மறுநாள் கிண்டியில் கூட்டம். கண்ணாடிக் கட்டடம், கடுங்குளிர் ஏசி. அரைவட்ட மேஜையில் ஒவ்வொரு சங்கத்தின் பெயரும் அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் பெயர் இருந்த அட்டையை இரண்டு தரம் படித்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பெரிய கம்பெனிகளின் சம்மேளனத்திலிருந்து வந்த ஒருவர் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். சிரித்த முகம், நல்ல மனிதர். டீயோடு கொடுத்த முறுக்குப் பொட்டலத்தைக் காட்டி, "எங்க பிராண்டுதான், சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இங்கே எங்கள் ஊர்ப் பேச்சு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தெருக்குழாய் கேட்டு மனுக் கொடுத்தாலும் முதலில் அரசுக்கு நன்றி சொல்வோம். பிறகு அதிகாரியின் நேர்மை, பிறகு திட்டத்தின் நோக்கம். எல்லாவற்றையும் மனதார வரவேற்போம். கடைசியில் "இருந்தாலும்" என்று ஆரம்பித்து விஷயத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்து அதிகாரிகளுக்கு இது தெரியும். "இருந்தாலும்" வருகிற வரை அவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வந்ததும் நிமிர்வார்கள். அதற்கு முன்னால் சொல்வதெல்லாம் வாசல் தெளிக்கிற மாதிரி.

என் முறை வந்தது. தலைமை அதிகாரி ஒரு பெண். பார்வை கூர்மை, குரல் மென்மை. பொன்னாடையோடு அண்ணன் எழுந்தார். அதிகாரி கும்பிட்டு, "அதெல்லாம் வேண்டாம் சார், ப்ளீஸ், பேசுங்க" என்றார். அண்ணன் பொன்னாடையை என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. மனப்பாடம் செய்திருந்ததை ஆரம்பித்தேன். நன்றி சொன்னேன். இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த பெருந்தன்மையைச் சொன்னேன். மக்கள் உடல்நலத்தில் அரசு காட்டும் அக்கறையைச் சொன்னேன். "இந்த வரைவு விதியை எங்கள் சங்கம் மனதார வரவேற்கிறது" என்றேன். அப்போது மணி அடித்தது, ஆளுக்கு இரண்டே நிமிஷமாம். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.

நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். "இருந்தாலும்" தொண்டையிலேயே நின்றது.

"ரொம்ப நன்றிம்மா. சுருக்கமா, தெளிவா சொன்னீங்க" என்றார் அதிகாரி. அடுத்தவருடைய விளக்கு எரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரையில் தொகுப்புரை போட்டார்கள். சொக்கலிங்கம் அண்ணன் என் முழங்கையைத் தட்டினார். "நம்ம பேரு முதல்ல போட்டிருக்காக பாத்தியா" என்று சந்தோஷமாகச் சொன்னார். பிறகு மேலே இருந்த தலைப்பைப் படித்தார். 'விதியை வரவேற்றுள்ள அமைப்புகள்'. எங்கள் சங்கம், அதற்குக் கீழே பெரிய கம்பெனிகளின் சம்மேளனம். அண்ணன் என் முழங்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

கையைத் தூக்கினேன். காது வரைதான் வந்தது. சிப்பந்தி ஒருவர் ஓடி வந்து தண்ணீர் பாட்டில் வைத்தார். மறுபடி தூக்கத் தைரியம் வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. முடிக்கும்போது அதிகாரி சொன்னார்: "மாற்றுக் கருத்து ஏதாவது இருந்தா, பெயர், முகவரி, தயாரிப்பு இடத்தோட விவரம் எல்லாம் எழுதி, நாளைக்கு ஆபீஸ் முடியறதுக்குள்ள குடுத்துடுங்க. அதுக்கப்புறம் எடுத்துக்க முடியாது."

சாயந்திரம் கவிதா எங்களைப் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் கடல் பார்த்தாயா என்று கேட்பார்கள் அல்லவா, பார்த்தேன். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஜனம். குழந்தைகள் அலையைத் துரத்துகிறார்கள். மாங்காய் போட்ட சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு பட்டாணியும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே கரையோரம் இருக்கிற வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குள் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். என்ன கேட்பது என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

"தங்கச்சி, விட்ருவோம்" என்றார் அண்ணன். "நம்ம அடுப்பு வீட்டுக்குள்ள இருக்குன்னு நாமளே விலாசத்தோட எழுதிக் கொடுத்தா, நாளைக்கே வந்து பூட்டுவாக. விதி வந்தா ஊரோட போகும். இது நம்ம ரெண்டு பேரைத் தேடி வரும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கும் அதே பயம்தான். விதி வர எத்தனையோ மாதம் ஆகலாம், வராமலும் போகலாம். காகிதம் மட்டும் நாளைக்கே போய்ச் சேர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து ராஜேஸ்வரி போன் செய்தாள். எனக்கு அடுத்தபடி அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

"அக்கா, பேசிட்டீகளா? நம்ம விஷயத்தைச் சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்று சொல்லி, பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ கத்தினாள். அங்கே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சுண்டலை மணலிலேயே வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை மாமி கொடுத்த இட்லியை இரண்டாகப் பிட்டு வைத்துவிட்டு எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். பழக்கம் விடவில்லை. எப்படி ஆரம்பித்தாலும் முதல் வரியில் நன்றி வந்து உட்கார்ந்தது. மத்தியானம் கடந்துதான் ஒரு காகிதம் தேறியது. அதில் முதல் வரியே 'இந்த விதி எங்களுக்கு வேண்டாம்' என்று இருந்தது. படித்தபோது யாரோ மரியாதை தெரியாதவள் எழுதிய மாதிரி இருந்தது.

அண்ணனையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினேன். அடையாறு பாலத்துக்கு முன்பே வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பின்பக்கத்தைத் திறந்தார். நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி கேட்டேன்.

"இன்னாம்மா, இவ்ளோ டென்சன் ஆவுற? ரோடு பூரா தோண்டி வெச்சிகினுகீறாங்கோ, வண்டி இன்னாத்துக்கு ஆவும்? எங்க போவணும், அவசரமா?"

ஆபீஸுக்கு, ஒரு காகிதம் கொடுக்க, விதி வேண்டாம் என்று சொல்ல என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அந்தப் பக்கம் ஆற்றோரத்தைக் காட்டினார்.

"எங்க வூடு அங்கதான் இருந்துச்சி. இடிச்சிட்டாங்கோ, இப்போ ஊருக்கு வெளிய பெரும்பாக்கம். தெனிக்கும் அங்கேர்ந்து இங்க வந்து ஓட்டிகினுகீறேன். எங்களியும் கூட்டம் போட்டு கேட்டாங்கோ. பெரிய ஆளுங்க வந்துகீறாங்களேன்னு மருவாதிக்கு எல்லாம் கை தட்னோம். அப்பால கேட்டா, நீங்கதான கை தட்னீங்க, ஒத்துகினீங்கன்னு சொல்லிட்டாங்கோ."

"எழுதிக் கொடுக்கலையா?"

"யாரு எழுதுவா? எழுதுனா பேரு தெரிஞ்சிடும்ல" என்று அவர் ஒயரை முறுக்கினார். வண்டி கிளம்பியது. சொக்கலிங்கம் அண்ணன் அந்த ஆற்றோரத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். கிண்டி போவதற்குள் என் கையில் காகிதத்தின் ஓரம் சுருண்டுவிட்டது.

ஆபீஸில் நேற்றைய அரைவட்ட மேஜையெல்லாம் இல்லை. ஒரு சின்ன அறை, ஒரு எழுத்தர், கிளம்புவதற்காக மூடி வைத்த டிபன் கேரியர். அவர் காகிதத்தைப் படித்தார்.

"உங்க சங்கம் நேத்து வரவேற்றாச்சேம்மா. ரெக்கார்டுல ஏறிடுச்சு. சங்கம் பேர்ல மாத்தணும்னா இன்னொரு நிர்வாகியும் கையெழுத்துப் போடணும்."

நான் அண்ணனைப் பார்த்தேன். பொருளாளர், என் பக்கத்திலேயே நிற்கிறார். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு பேத்திங்க தங்கச்சி" என்றார். அதற்கு மேல் அவரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்ப தனிநபர் ஆட்சேபணைன்னுதான் எடுத்துக்க முடியும்" என்றார் எழுத்தர். சங்கத்தின் பெயரை அடிக்கச் சொன்னார். அடித்தேன். 'எங்களுக்கு' என்று இருந்ததை 'எனக்கு' என்று திருத்தச் சொன்னார். திருத்தினேன். அவர் மறுபடி படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மோசமான மனிதர் இல்லை.

"அடுப்பு வீட்டுக்குள்ளதான்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்க. கதவு எண் எல்லாம் இருக்கு. இதுல உங்க மாவட்ட ஆபீஸுக்கும் ஒரு காப்பி போகும். தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ராஜேஸ்வரியிடம்தான் நேற்றே சொல்லியாயிற்றே. ஊரில் போய் எடுத்துச் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். எனக்கு உண்மையிலேயே அந்த ஆசை வந்தது. ஆனால் திரையில் பார்த்த அந்த வரி கண்ணிலேயே நின்றது. எங்கள் அடுப்பை மூடச் சொல்லி நாங்களே கேட்டதாக அது இருக்கப் போகிறது, நான் செத்த பிறகும்.

"தெரிஞ்சுதாங்க" என்றேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். எந்தக் கையெழுத்துக்காகச் செயலாளர் ஆக்கினார்களோ அது அன்றைக்குக் கோணல் மாணலாக விழுந்தது. அவர் முத்திரை குத்தினார்.

ரயிலில் எதிர் இருக்கையில் அண்ணன். தாம்பரம் தாண்டும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "என் பேரையும் போட்டிருக்கலாம்" என்றார்.

"ஆமாண்ணே."

"தபால்ல அனுப்புனா எடுத்துக்குவாகளா?"

"இன்னியோட முடிஞ்சுதுண்ணே."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்பது தெரிந்தது. நான் போனை எடுத்து ராஜேஸ்வரியைக் கூப்பிட்டேன். நேற்று நான் நம் விஷயத்தைப் பேசவே இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்தேன். வரவேற்கிறோம் என்று சொன்னது, நம் பெயர் எங்கே ஏறியிருக்கிறது என்பது, இன்று என்ன எழுதிக் கொடுத்தேன், யார் பெயரில், எந்தக் கதவு எண் என்பது எல்லாம் சொன்னேன். சோதனைக்கு வந்தால் முதலில் நம் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்றும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. ரயில் சத்தத்தில் லைன் துண்டித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ராஜி, இருக்கியா?"

"இருக்கேன்க்கா. பயமா இருக்காக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு" என்றாள். பிறகு கேட்டாள்: "நாளைக்குத் தேன்குழலுக்கு அரிசி ஊறப்போடவா, வேணாமா?"

எதிரே அண்ணன் துண்டை விலக்கி என்னைப் பார்த்தார்.

"போடு" என்றேன்.

"எவ்வளவு?"

"எப்பவும் போடுற அளவு."